பீங்கான், கண்ணாடிப் பாத்திரங்களுக்கான அச்சு டீகால்: சரியான சுங்கக் குறியீட்டைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

கோப்பையில் இருக்கும் ரோஜாப்பூ, தட்டின் விளிம்பில் ஓடும் தங்கக் கோடு, டம்ளரில் பதிந்த நிறுவனப் பெயர். இவற்றில் பல, தாளில் அச்சாகி வந்து பாத்திரத்துக்கு மாறியவை. அந்தத் தாளை டீகால் என்றும் ட்ரான்ஸ்ஃபர் என்றும் சொல்கிறோம். அது எல்லையைத் தாண்டும்போது எந்தக் குறியீட்டில் அறிவிப்பது என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

உலக சுங்க அமைப்பின் பொருள் வகைப்பாட்டு அட்டவணையில் இதற்கான தலைப்பு, அதாவது நான்கு இலக்கக் குறியீடு, 4908. அதன் கீழ் இரண்டே உட்தலைப்புகள்: சூட்டில் உருகிக் கண்ணாடியாகப் பிடிக்கும் வகைக்கு 4908.10, மற்றவற்றுக்கு 4908.90. பார்க்கச் சுலபமாக இருக்கும். ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் தவறாமல் சறுக்குவது இங்கேதான். காரணம், அட்டவணையை முதலில் திறக்கிறார்கள், சரக்கைப் பிறகு பார்க்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட்டால் பாதித் தவறுகள் வராது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், ஒரு மாதிரித் தாள். புகைப்படம் போதாது. படத்தில் டீகாலும் ஸ்டிக்கரும் ஒன்றுபோலவே தெரியும்.

இரண்டாவது, உற்பத்தியாளரின் தொழில்நுட்பக் குறிப்பு. எந்தப் பரப்பில் ஒட்ட வேண்டும், எத்தனை டிகிரியில் சுட வேண்டும், எவ்வளவு நேரம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். விற்பனைக் கையேட்டை அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அதில் அழகான படங்கள் இருக்கும், வெப்பநிலை இருக்காது.

மூன்றாவது, அச்சு வண்ணத்தின் பாதுகாப்புத் தரவுத் தாள். வண்ணத்துக்குள் ஃபிரிட், அதாவது பொடித்த கண்ணாடி, இருக்கிறதா என்பதை இதில்தான் பார்க்க முடியும்.

நான்காவது, இன்வாய்ஸின் வரைவு. வரைவு என்று அழுத்திச் சொல்கிறேன். சரக்கு கிளம்பிய பிறகு விவரணையை மாற்றினால், அது நியாயமான திருத்தமாகவே இருந்தாலும் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். கிளம்பும் முன் மாற்றினால் அது வெறும் எழுத்துத் திருத்தம்தான்.

அப்புறம் அட்டவணையின் நடப்புப் பதிப்பு. உலக சுங்க அமைப்பின் 2022 பதிப்பை ஒட்டி உங்கள் நாட்டில் வெளியானதை எடுத்து 32 (வண்ணங்கள்), 39 (பிளாஸ்டிக்), 48 (தாள்), 49 (அச்சுப் பொருள்) ஆகிய நான்கு அத்தியாயங்களின் குறிப்புகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. தண்ணீரில் போட்டுப் பாருங்கள்

முதல் கேள்வி: படம் தன் தாளை விட்டுத் தனியாகப் பிரிகிறதா? 4908-க்குள் நுழைய இதுதான் வாசல். ட்ரான்ஸ்ஃபர் என்றாலே ஒரு பரப்பிலிருந்து இன்னொரு பரப்புக்கு மாறுவது என்றுதானே பொருள்!

மாதிரியின் ஒரு மூலையை வெட்டி, அறை வெப்பநிலையில் இருக்கும் தண்ணீரில் போடுங்கள். தாள் முதலில் சுருண்டுகொள்ளும். கொஞ்ச நேரத்தில் நீரைக் குடித்துத் தானாக விரியும். ஒரு நிமிடம் போல் பொறுத்து, கட்டைவிரலால் படத்தைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுங்கள். படம் ஒரு மெல்லிய பாலாடை மாதிரி நழுவி வரும். கையில் மிஞ்சும் வெள்ளைத் தாளைத் தடவினால் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பு தாளின் மேல் பூசியிருந்த பசை. அது கரைந்ததால்தான் படம் விடுபட்டது.

நழுவி வந்த ஆடையைப் பார்த்து, “இது பிளாஸ்டிக் ஆயிற்றே, 39ஆம் அத்தியாயம்தானே?” என்று பலர் கேட்கிறார்கள். அது கவர்கோட் எனும் அரக்குப் பூச்சு. படம் கிழியாமல் பாத்திரத்தின் மேல் போய் உட்கார்வதற்காக அச்சின் மேல் போட்டது. சூளையில் முதலில் எரிந்து போவதும் அதுதான். அதை வைத்துச் சரக்கை வகைப்படுத்துவது, உறையை வைத்துக் கடிதத்தை வகைப்படுத்துவது போல.

எல்லா டீகாலும் நீரில் நழுவுவதில்லை. மெழுகுப் படலத்தின் மேல் அச்சிட்டு, இயந்திரத்தில் சூடாக்கி விடுவிக்கும் வகையும் உண்டு. நீரில் பிரியவில்லை என்பதற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள். எந்த வழியில் பிரிகிறது என்று தொழில்நுட்பக் குறிப்பில் பாருங்கள். படம் மட்டும் பாத்திரத்துக்குப் போய், தாங்கிய தாள் கையில் மிஞ்ச வேண்டும். அதுதான் சோதனை.

தாங்கிய தாளும் படத்தோடு சேர்ந்தே பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டால் அது ட்ரான்ஸ்ஃபர் அல்ல. ஐந்தாவது படிக்குப் போங்கள்.

3. சூளையில் என்ன ஆகிறது?

இரண்டாவது கேள்வி 4908.10-ஐயும் 4908.90-ஐயும் பிரிப்பது. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன என்பதால் நிதானமாகப் பார்ப்போம்.

4908.10-க்குரிய சொல் ஆங்கில அட்டவணையில் ‘விட்ரிஃபையபிள்’ என்று இருக்கும். உலக சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்பு இதற்குத் தெளிவான அளவுகோல் தருகிறது: 3207 தலைப்பில் வரும், சூட்டில் கண்ணாடியாகும் கலவைகளால் அச்சிட்ட ட்ரான்ஸ்ஃபர்கள். பீங்கான், எனாமல், கண்ணாடித் தொழில்களுக்கென்று தயாரித்த வண்ணங்கள், எனாமல்கள், கிளேஸ்கள் (பாத்திரத்தின் மேல் கண்ணாடி போல் படியும் பூச்சு), திரவப் பொன் போன்ற பளபளப்புப் பூச்சுகளான லஸ்டர்கள், ஃபிரிட் எல்லாம் 3207-இல் வருபவை. ஆக, படம் எதன் மேல் ஒட்டுகிறது என்பதோடு கேள்வி முடிவதில்லை. எதனால் அச்சிட்டது என்று கேட்க வேண்டும்.

இதை நான் ஒரு தவறிலிருந்து கற்றுக்கொண்டேன். ஒரு கையேட்டில் “பீங்கான், கண்ணாடி டீகால்” என்று இருந்ததை நம்பி, டம்ளருக்கான ஒரு சரக்குக்கு 4908.10 என்று குறித்துவிட்டேன். ஆவணங்களைக் கோப்பில் சேர்க்கும்போதுதான் பயன்பாட்டுக் குறிப்பைப் படித்தேன்: 180 டிகிரியில் 20 நிமிடம். அந்தச் சூட்டில் எந்தக் கண்ணாடிக் கலவையும் உருகாது. அது கண்ணாடிப் பொடி சேராத கரிம மையில் அச்சிட்டது, சூட்டில் இறுகி ஒட்டிக்கொள்வது, அவ்வளவுதான். சரியான இடம் 4908.90. அன்றிலிருந்து வெப்பநிலையைப் பார்க்காமல் நான் குறியீடு எழுதுவதில்லை.

வெப்பநிலை ஏன் இவ்வளவு சொல்கிறது? வண்ணத்தோடு கலந்த ஃபிரிட் உருகி, பாத்திரத்தின் கிளேஸோடு ஒன்றாகிவிட வேண்டும். பீங்கானின் கிளேஸ் மேல் ஒட்டுகிற வகைக்குப் பொதுவாக 750 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை தேவை. கிளேஸுக்குள்ளேயே அமிழ்கிற வகைக்கு 1200 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். கண்ணாடிக்கு 550 முதல் 620 டிகிரி வாக்கில் போதும். அதற்கு மேல் போனால் டம்ளரே கோணிக்கொள்ளும் என்பதால், அதற்கென்று சீக்கிரம் உருகும் ஃபிரிட் சேர்க்கிறார்கள். குறிப்பில் 200 டிகிரிக்குள் ஓர் எண் இருந்தாலோ, “சுடத் தேவையில்லை” என்று இருந்தாலோ, 4908.10 என்ற எண்ணத்தை நிறுத்திவிட்டு வண்ணத்தின் கலவையைக் கேளுங்கள்.

சூளை வசதி இருந்தால் இன்னும் நல்லது. கிளேஸ் போட்ட உடைந்த கோப்பையின் ஓடு ஒன்றை எடுத்து, சந்தேகத்துக்குரிய டீகாலையும் நிச்சயமாகத் தெரிந்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, நன்றாகக் காயவிட்டுச் சுட்டுப் பாருங்கள். உருகிப் பிடிக்கும் வகை பளபளவென்று நிற்கும். ஊசியால் கீறினாலும் உரியாது. கரிம மை எரிந்து காணாமல் போயிருக்கும், அல்லது மங்கிய கறையாக மிஞ்சும். அந்த ஓட்டைப் படம் எடுத்துக் கோப்பில் வையுங்கள். பத்துப் பக்க விளக்கத்தைவிட அந்த ஒரு படம் வேகமாகப் புரியவைக்கும்.

கொஞ்சம் சிக்கலான வகைகள் சில உண்டு.

தங்க டீகால். தங்கம் இருப்பதால் வேறு அத்தியாயத்துக்கு ஓட வேண்டாம். திரவப் பொன் வகைகளும் 3207-க்குள் வருபவைதான். தங்கம் மாற்றுவது தாளின் விலையை, தலைப்பை அல்ல.

இரும்பு கலந்த சாதாரண லேசர் டோனரால் அச்சிட்ட டீகால். சூளையில் வைத்தால் செம்பழுப்புப் படம் மிஞ்சும் என்பதால் உருகும் வகை என்று நினைக்கத் தோன்றும். அங்கே மிஞ்சுவது டோனரின் இரும்பு ஆக்சைடு. அடியில் இருக்கும் கிளேஸ் இளகி அதைப் பிடித்துக்கொள்கிறது. டோனரில் ஃபிரிட் கிடையாது, அது 3207-க்குரிய தயாரிப்பும் அல்ல. இதே வேலைக்கென்று ஃபிரிட் சேர்த்துத் தயாரித்த பீங்கான் டோனர்களும் இருக்கின்றன. ஆகவே எந்த டோனர் என்று கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

கிளேஸுக்கு அடியில் வைக்கும் டீகால். இதில் பல சமயம் நிறமிதான் பிரதானம், உருகுவது மேலே பூசும் கிளேஸ். அச்சுக் கலவை 3207-இன் கீழ் வரும் கலவைதானா, அது தானே உருகுமா என்று உற்பத்தியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். என் கருத்தில், எட்டாவது படியில் சொல்லும் முன்தீர்ப்பை, அதாவது சுங்கம் முன்கூட்டியே தரும் வகைப்பாட்டு முடிவை, கேட்டு வாங்க வேண்டிய முதல் சரக்கு இதுதான்.

4. இப்போது விதிகளைப் படியுங்கள், இந்த வரிசையில்

அட்டவணையைப் பயன்படுத்துவதற்கான பொது விளக்க விதிகள் ஆறு. முதல் விதி, தலைப்பின் வாசகத்தையும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளையும் வைத்து முடிவு செய்யச் சொல்கிறது. நம் சரக்கு பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். 4908-இன் வாசகமே ‘ட்ரான்ஸ்ஃபர்’ என்று பெயர் சொல்லி அழைக்கிறது. நேராக மூன்றாவது விதிக்குத் தாவி “எது முக்கியப் பொருள், தாளா, வண்ணமா?” என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாதத்துக்கு இங்கே இடமே இல்லை.

அடுத்து 49ஆம் அத்தியாயத்தின் 2ஆம் குறிப்பு. ‘அச்சிட்டது’ என்பதில் கணினியின் கட்டுப்பாட்டில் உருவாக்கியதும் அடங்கும் என்று அது சொல்கிறது. டிஜிட்டல் முறையில் பத்தே தாள் எடுத்தாலும் அதுவும் அச்சுப் பொருளே.

பிறகு 48ஆம் அத்தியாயத்தின் 12ஆம் குறிப்பையும் ஏழாம் பிரிவின் 2ஆம் குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள். தாளிலோ பிளாஸ்டிக்கிலோ உள்ள அச்சு அந்தப் பொருளின் முதன்மைப் பயனுக்குத் துணையாக மட்டும் இல்லாதபோது, பொருள் 49-க்குப் போகும். ஆனால் விலக்குகள் உண்டு: தாளில் 4814 (சுவர்த்தாள், சன்னலில் ஒட்டும் ஒளி ஊடுருவும் தாள்), 4821 (லேபிள்), பிளாஸ்டிக்கில் 3918 (தரை, சுவர் விரிப்புகள்), 3919 (தானே ஒட்டுபவை). இந்த விலக்குகளை மறந்தால் அடுத்த படியில் குழம்பிவிடுவீர்கள்.

கடைசியாக ஆறாவது விதி. தலைப்பு 4908 என்று உறுதியான பிறகே .10-ஆ .90-ஆ என்று பார்க்க வேண்டும்.

5. பக்கத்துத் தலைப்புகளை ஒவ்வொன்றாக விலக்குங்கள்

இதைத் தவிர்க்க வேண்டாம். அதிகாரி கேள்வி கேட்டால், ஏன் 4908 என்பதைவிட ஏன் 4821 இல்லை என்பதற்குத்தான் பெரும்பாலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

*3207.* டப்பாவில் வரும் வண்ணம் 3207. அதே வண்ணம் டீகாலாக அச்சாகிவிட்டால் 4908. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தால் தனித்தனி வரியாக அறிவியுங்கள்.

*3212.* தாளிலோ பிளாஸ்டிக்கிலோ உலோகத்தையோ நிறமியையோ பூசிய ஸ்டாம்பிங் ஃபாயில். புத்தக அட்டையில் எழுத்துப் பதிக்கப் பயன்படும் அது இங்கே வரும். அதில் படம் இருக்காது. படத்தை அச்சுக் கட்டைதான் தீர்மானிக்கும். டீகாலில் படம் தாளிலேயே இருக்கும்.

*48ஆம் அத்தியாயம்.* பசை பூசி, இன்னும் அச்சிடாத வெற்று டீகால் தாள். “டீகால் பேப்பர்” என்று பெயர் இருப்பதால் 4908-இல் போட்டுவிடுகிறார்கள். படமும் இல்லை, வடிவமும் இல்லை, எழுத்தும் இல்லை என்றால் அங்கே மாறுவதற்கு எதுவுமே இல்லை. பூச்சையும் அளவையும் பார்த்து 48-க்குள் தேடுங்கள்.

*4821, 3919.* ஸ்டிக்கர்களும் லேபிள்களும் வாழும் இடம். தாள் லேபிள் அச்சிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 4821. தானே ஒட்டும் பிளாஸ்டிக் தட்டை வடிவங்கள் அச்சிட்டிருந்தாலும் 3919. தாங்கியோடு சேர்ந்து ஒட்டிக்கொள்வதுதான் இவற்றின் அடையாளம்.

*4814.* வண்ணக் கண்ணாடி போல் தோன்றச் சன்னலில் ஒட்டும் ஒளி ஊடுருவும் அச்சுத்தாள்கள். விளக்கக் குறிப்பு இவற்றை 4908-லிருந்து பெயர் சொல்லி வெளியேற்றுகிறது. ‘கண்ணாடி அலங்காரம்’ என்ற சொல்லை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கே.

*69, 70ஆம் அத்தியாயங்கள்.* “பீங்கானுக்கானது” என்பதால் தாளை 6911-இல் அறிவித்ததைப் பார்த்திருக்கிறேன். பாத்திரமே வந்தால்தான் அங்கே இடம். டீகால் ஒட்டி, இன்னும் அலங்காரச் சூடு காட்டாத கோப்பை வந்தால்? அது கோப்பைதான், தாள் இல்லை. போர்சிலின் எனும் பீங்கானில் மேசைப் பாத்திரம் 6911, போர்சிலின் அல்லாத மற்ற செராமிக் மேசைப் பாத்திரம் 6912, கண்ணாடியில் 7013.

ஒரு சந்தேகம் அடிக்கடி வரும்: தட்டின் அடியில் பதிக்கும் சின்ன முத்திரை, வெறும் பெயரும் சின்னமும், அலங்காரமே இல்லையே? அதுவும் 4908-தான். படங்கள், வடிவங்கள், எழுத்துகள் மூன்றுமே ட்ரான்ஸ்ஃபர்தான், பயன் அலங்காரமாகவும் இருக்கலாம், அடையாளமிடுவதாகவும் இருக்கலாம்.

6. கோப்பையும் டீகாலும் ஒன்றாக வந்தால்

சில்லறை விற்பனைக்கென்று ஒரே அட்டைப்பெட்டியில் வெள்ளைக் கோப்பை, டீகால், சின்னத் துடைப்பான் என்று வந்தால் மூன்றாவது விதியின் ‘ஆ’ பிரிவு பேசும். மூன்று நிபந்தனைகள்: வெவ்வேறு தலைப்புகளில் வரக்கூடிய குறைந்தது இரண்டு பொருள்கள், ஒரே தேவைக்காகச் சேர்த்தவை, திரும்பக் கட்டாமல் நேராக வாங்குபவரிடம் கொடுக்கக் கூடியவை. மூன்றும் பொருந்தினால் தொகுப்பின் அடிப்படைத் தன்மையைத் தரும் பொருளின் தலைப்பே முழுத் தொகுப்புக்கும்.

தொழிற்சாலைக்குப் போகும் மொத்தச் சரக்குக்கு இது பொருந்தாது. ஒரே மரப்பெட்டியில் வந்தாலும் அவை தொகுப்பு ஆகா.

7. இன்வாய்ஸில் விவரணை எழுதுவது

நல்ல வகைப்பாடு மோசமான விவரணையால் வீணாவது மிகச் சாதாரணம். ஒருமுறை எல்லா ஆவணங்களும் சரியாக இருந்தும், அனுப்பியவர் இன்வாய்ஸில் “ஸ்டிக்கர்” என்று ஒரே சொல் எழுதியதால் சரக்கு நின்றுபோனது. அவர் வழக்கமாகச் சொல்கிற பேச்சுச் சொல் அது. சுங்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு முகவரி.

தவிர்க்க வேண்டியவை: ஸ்டிக்கர், லேபிள், அச்சுப் பொருள், டிசைன் பேப்பர். ‘செராமிக் பேப்பர்’ மிகவும் ஆபத்து. வெப்பம் தாங்கும் இழைகளால் ஆன காப்புத் தாளுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

இருக்க வேண்டிய ஐந்து விஷயங்கள்: ட்ரான்ஸ்ஃபர் என்ற சொல், அச்சிட்டது என்பது, பிரியும் முறை, வண்ணத்தின் தன்மை, சுடும் வெப்பநிலை. இப்படி வரும்: “பீங்கான் பாத்திரங்களுக்கான அச்சிட்ட ட்ரான்ஸ்ஃபர், சூட்டில் உருகிப் பிடிக்கும் வகை, நீரில் நழுவுவது, பீங்கான் வண்ணங்களால் திரை அச்சு, சுடும் வெப்பநிலை 800 டிகிரி.” அறிவிப்பு எந்த மொழியில் போகிறதோ அந்த மொழியின் அட்டவணைச் சொல்லை அப்படியே பயன்படுத்துங்கள்.

டீகாலைத் தாள் கணக்கில் விற்பார்கள், சுங்கத்தில் எடை கேட்பார்கள். பேக்கிங் லிஸ்டில் ஒவ்வொரு வகைக்கும் நிகர எடையைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். 4908.10, 4908.90 இரண்டும் ஒரே பார்சலில் வந்தால் இது இல்லாமல் பிரிக்கவே முடியாது.

இன்னொன்று, வகைப்பாட்டைச் சேர்ந்தது இல்லை என்றாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓவிய வடிவமைப்பை வாங்குபவரே வேறு நாட்டில் செய்வித்து, உற்பத்தியாளருக்கு இலவசமாகக் கொடுத்திருந்தால், உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவுப்படி அதன் செலவும் சரக்கின் மதிப்பில் சேர வேண்டும். டீகால் தொழிலில் இது அடிக்கடி நடப்பது, அடிக்கடி விட்டுப்போவதும்கூட.

8. கடைசி இலக்கங்களும் முன்தீர்ப்பும்

முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்குப் பின் வருபவை இறக்குமதி நாட்டுடையவை. அனுப்பியவர் தன் நாட்டு எட்டு அல்லது பத்து இலக்கத்தை எழுதித் தந்தால் முதல் ஆறை மட்டும் சரிபார்ப்புக்கு எடுத்துக்கொண்டு, மீதியை உங்கள் அட்டவணையில் தேடுங்கள். தீர்வை விகிதத்தையும் அறிவிக்கும் நாளன்று பாருங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் முன்தீர்ப்புக்கு விண்ணப்பியுங்கள். 2017-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தத்தில் இதற்கு இடம் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் பழைய தீர்ப்புகளைத் தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்கச் சுங்கமும் தங்கள் தீர்ப்புகளைப் பொதுவில் தேடும்படி வைத்திருக்கின்றன. மற்ற நாட்டுத் தீர்ப்பு உங்கள் அதிகாரியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வாதத்தை எப்படிக் கட்டுவது என்று காட்டும்.

மாதிரித் தாள், சுட்ட ஓடு, வெப்பநிலைக் குறிப்பு, வண்ணக் கலவை, நான்கையும் சேர்த்தே அனுப்புங்கள். ஒன்று குறைந்தால் கேள்வி திரும்பி வரும், நாள்கள் ஓடும்.

9. கோப்பு

ஒவ்வொரு வடிவமைப்புக்கும் கோப்பு வேண்டாம். ஒவ்வொரு வண்ண வரிசைக்கும் ஒன்று போதும். ரோஜாவும் தாமரையும் ஒரே வண்ணத்தில் அச்சானால் குறியீடு ஒன்றே.

அதில் மாதிரித் தாள், தொழில்நுட்பக் குறிப்பு, விலக்கிய தலைப்புகளும் காரணங்களும், முடிவு எடுத்த தேதி இவ்வளவும் இருக்கட்டும். ஈய, காட்மியக் கசிவு அறிக்கையை வேறு கோப்பில் வையுங்கள். பீங்கானுக்கு ஐஎஸ்ஓ 6486, கண்ணாடிக் குழிகலங்களுக்கு ஐஎஸ்ஓ 7086 என்று செய்யும் அந்தச் சோதனை, உணவு படும் பாத்திரத்தின் பாதுகாப்பைப் பற்றியது. அதைக் குறியீட்டுக்கு ஆதாரமாகக் காட்டினால் குழப்பமே மிஞ்சும்.

உற்பத்தியாளர் வண்ணத்தை மாற்றினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று ஆர்டரிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். படம் அப்படியே இருக்கும், தாளும் அப்படியே இருக்கும், சூளை வண்ணத்துக்குப் பதில் கரிம மை வந்திருக்கும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அப்படி மாறிய நாளிலிருந்து அந்தச் சரக்கு 4908.90.